நாற்பத்து மூன்றாம் பெட்டி

ஓடும்போது ஒரு குறையும் இல்லை.
நின்றால்தான் இருமல்.

வடக்கு டகோட்டாவில், கனடா எல்லைக்கு இந்தப் பக்கம்,
தொண்ணூற்றியொரு தபால்பெட்டிகள் என் பொறுப்பு.
வண்டி என் சொந்தம்: தொண்ணூறாம் வருடத்து ஃபோர்டு,
ஆறு சிலிண்டர், துருவும் நீலமும் சரிபாதி.
வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து
இடது காலை எட்டி நீட்டிப் பிரேக்கை மிதித்து
ஜன்னல் வழியே கடிதம் போடுவேன்.
மிதித்ததும் எஞ்சினுக்குக் குரல் கம்மும்,
கோப்பையில் காப்பி வளையம் வளையமாய் அலையும்,
ஒரு விக்கல்,
பிறகு காற்று மட்டும்.

ஏழாம் பெட்டி எய்னார் க்வாமே: "பெட்ரோல்ல தண்ணி."
பதினெட்டில் டோர்டிஸ்: "பிளக்தான். எங்க வீட்டுக்காரர் இருந்தா
மோந்து பாத்தே சொல்லுவார்."
இருபத்தாறில் ரெய்மர் பையன்கள்,
"வித்துடுங்க சோல்வெய்க், நாங்களே வாங்கிக்கிறோம், நூறு டாலர்."
முப்பத்தொன்றில் ஆளில்லை. நாய் மட்டும் வந்து
பின் டயரின்மேல் தன் கருத்தைச் சொல்லிவிட்டுப் போனது.

எல்லோர் பேச்சையும் கேட்டேன்.
ஆறு பிளக், ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பெட்ரோல் ஃபில்டர்.
ஐட்லிங் வால்வைக் கழற்றினால்
அடுப்புக்கரி போல் உதிர்ந்தது; கழுவி மாட்டினேன்.
ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் மரியாதையாக நடந்தது வண்டி,
மறுநாள் பழைய குணம்.
ரப்பர் குழாய் ஒவ்வொன்றின் மேலும் ஸ்ப்ரே அடித்து
எங்கே சத்தம் மாறுகிறதென்று காத்திருந்தேன்.
எங்கேயும் மாறவில்லை.
இருநூற்று நாற்பது டாலர். பிப்ரவரி.

நாற்பத்து மூன்றில் ஆரின் ஸ்டென்யெம்.
அவன் நோயின் பெயர் ஏதும் சொன்னதில்லை.
பைஜாமாவுக்கு மேல் கோட்டை இழுத்துக்கொண்டு வருவான்,
தோளில் பேட்டரி கேபிள் தொங்கும்
(பேட்டரியில் பழுதே கிடையாது),
நான் உள்ளே குனிந்து எதையாவது அசைக்கும்வரை
பானெட்டைக் காற்று பிடுங்காமல் பிடித்துக்கொள்வான்.
ஒருநாள் கேட்டான்: கோதுமையைப் பற்றிப் பேசலாமா,
பேசாமல் இருக்கலாமா, எது உனக்கு வசதி?

ஞாயிற்றுக்கிழமை, கராஜ் கதவைத் திறந்து வைத்து
ஒரு மணிநேரம் ஓடவிட்டேன்.
தாலாட்டுப்போல ஓடியது. எனக்கு ஆத்திரம்.
அணைக்கலாமென்று கையை நீட்டியபோது
கையுறை நழுவிக் கீழே விழுந்தது.
தேடிக் குனிந்து, பிடிமானத்துக்குப்
பிரேக்கின்மேல் கை ஊன்றினேன்.
ஸ்ஸ்ஸ்.
அடுத்த அறையில் யாரோ யாரையோ
"பேசாதே" என்பதுபோல.
எஞ்சின் விக்கியது.
கையை எடுத்தேன். தேறியது.
மறுபடி ஊன்றினேன். விக்கியது.

பானெட்டுக்குள் போய், பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயை
இடுக்கியால் நெரித்துப் பிடித்தேன். உள்ளே ஓடி மறுபடி மிதித்தேன்.
பாறாங்கல்லாய் இறுகிய பிரேக்,
அசையாமல் ஓடிய எஞ்சின்.

ஒரு மாதம் அதன் நெஞ்சில் காது வைத்திருக்கிறேன்.
கசிந்தது என் காலடியில்.
ஓட்டத்தில் நோயில்லை,
நிறுத்துகிற உறுப்பு கிழிந்து, ஓடுகிறவனின் மூச்சைத்
திருடிக்கொண்டிருக்கிறது.

வில்லிஸ்டன் பழைய இரும்புக் கடையில் ஒரு பூஸ்டர், நாற்பது டாலர்.
டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாக, நான்கு நட்டு;
மூன்று சொன்னபடி கேட்டன.
நான்காவதைப் பற்றி எழுதமாட்டேன்.

திங்கள். எய்னார் "தண்ணி..." என்று தொடங்குமுன்
எட்டாம் பெட்டியில் இருந்தேன்.
டோர்டிஸுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.
ரெய்மர் பையன்கள் நூற்றைம்பது என்றார்கள்.

நாற்பத்து மூன்று.
கோட்டு, பைஜாமா, தோளில் கேபிள்.
எஞ்சின் ஒரே சீராக முனகிக்கொண்டிருக்க
விதைப் பட்டியலை நீட்டினேன், இரண்டு பில்லையும்.
அவன் வாங்கிக்கொண்டு எஞ்சினைக் கேட்டான், என்னைப் பார்த்தான்,
கேபிளைத் தோளிலிருந்து இறக்கத் தொடங்கினான்.
"சரியாயிடுச்சு போல."

"முழுசா சொல்ல முடியாது" என்றேன்.
சாவியைத் திருப்பினேன்.

காற்று மட்டும்.
அவன் பானெட் பக்கம் நடந்தான்.